கேள்வி-பதில்: பேட்டரி ரோட்டரி ஹேமர் (கான்கிரீட்டில் அடித்துத் துளை போடும் மெஷின்) வாங்குகிறவர்களுக்கு

கே: எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். இரண்டு பேட்டரி ரோட்டரி ஹேமர் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 18 வோல்ட். அப்படியென்றால் பவரும் ஒன்றுதானே, விலை குறைந்ததை வாங்கலாமா? (திருப்பூர்)

ப: ஒன்றல்ல. கான்கிரீட்டைப் பொடிப்பது ஒவ்வொரு அடியிலும் இறங்கும் ஆற்றல். அதை ஜூலில் சொல்வார்கள். 18 வோல்ட்டிலேயே டிவால்ட் டிசிஎச்273-க்கு 2.1 ஜூல், பாஷ் ஜிபிஎச் 18வி-26-க்கு 2.6 ஜூல். எப்டா (ஐரோப்பிய பவர் டூல் சங்கம்) முறையில் அளந்த எண்தானா என்று பாருங்கள். அது இல்லாத ஜூல் கணக்கை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. 6 முதல் 12 மி.மீ. வரை ஆங்கர் துளை போடுகிறவருக்கு 2 ஜூல் தாராளம். தினமும் பீமில் 16 மி.மீ. போடுகிறவர் 2.6-க்குக் கீழே இறங்க வேண்டாம். பெட்டியில் 26 மி.மீ. என்றிருப்பது உச்ச அளவு. நாள் முழுக்க அதே அளவில் ஓட்டினால் மெஷின் சீக்கிரம் களைத்துவிடும்.

விலையைப் பார்க்கும்போது பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த விலையா, வெறும் மெஷினா என்று கேளுங்கள். பேட்டரி 4 அல்லது 5 ஆம்பியர் ஹவர் இருக்கட்டும். 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஹேமர் இழுக்கும் கரண்டுக்குச் சூடேறி நின்றுவிடலாம்.

கே: ஃபால்ஸ் சீலிங் வேலை. சாயங்காலம் விரல் மரத்துப் போகிறது. எடை குறைந்த மெஷின் வாங்கினால் சரியாகுமா? (மதுரை)

ப: எடையைவிட அதிர்வைப் பாருங்கள். மெஷின் கையேட்டில் 'ஹேமர் டிரில்லிங் இன் கான்கிரீட்' என்ற வரியில் மீ/வி² அளவில் ஓர் எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி 8 மணி நேர வேலைநாளுக்குச் சராசரி அதிர்வு 2.5-ஐத் தொட்டாலே முதலாளி அதைக் குறைக்க வழி செய்யவேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு 10 உள்ள மெஷினில் அரை மணி நேரம் விசை அழுத்தினாலே 2.5 வந்துவிடும், 2 மணி நேரத்தில் 5. அதே 14 என்றால் கால் மணியும் ஒரு மணியும்தான். துளை போடும் நேரம் மட்டும் கணக்கு.

மோட்டார் கீழ்நோக்கி நிற்கும் 'எல்' வடிவ மெஷினில் நீளம் குறைவு. கைப்பிடி ஸ்பிரிங் வைத்துப் பிரிந்திருக்கிறதா என்று கடையிலேயே ஆட்டிப் பாருங்கள். உடம்பைச் சாய்த்து அழுத்தாதீர்கள். அடியைப் பிஸ்டன் கொடுக்கிறது. அளவுக்கு மீறி அழுத்தினால் அடி குறைந்து அதிர்வு தோளுக்கு ஏறும். பக்கக் கைப்பிடியைக் கழற்றவே கூடாது. பிட் கம்பியில் சிக்கினால் மணிக்கட்டைத் திருகிவிடும். மரத்துப்போவது தொடர்ந்தாலோ, விரல் நுனி வெளுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளிப் போடவேண்டாம்.

கே: ஆன்லைனில் '88 வி' என்று போட்ட ஹேமர் வாங்கினேன். பீமில் 10 மி.மீ. துளைகூட இறங்கவில்லை. 'நோ ரிட்டர்ன்' என்கிறார்கள். பிளம்பர் நான், தினக்கூலி. (விழுப்புரம்)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த வோல்ட் மோசடியை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் 18, முழுச் சார்ஜில் 21. கடையில் 18, 20, 21 என்று எழுதியிருப்பதெல்லாம் இந்த ஐந்து செல்தான், அதுவரை குற்றமில்லை. உண்மையான 88-க்கு ஏறத்தாழ 24 செல் தொடராக வேண்டும். ஒரு செல் ஏறத்தாழ 45 கிராம்; செல் எடையே ஒரு கிலோவைத் தாண்டும். உங்கள் பேட்டரியைத் தராசில் வையுங்கள், அரைக் கிலோகூட வராது. என் பரணில் கிடக்கும் '48 வி' பேட்டரியைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஐந்தே செல். '88 வி.எஃப்' என்று ஓரெழுத்தைச் சேர்த்துவிட்டு, அது மாடல் பெயர் என்று தப்பிப்பார்கள்.

விடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தராசுப் படம், பில் மூன்றையும் வைத்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதிலும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரவேண்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, அவகாசம் 2 ஆண்டு. 'தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோர் அல்ல' என்று மிரட்டினால் நம்பாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிய கருவி சட்டத்துக்கு உட்பட்டதே.

கே: ஹேமர் மோடில் டைல்ஸில் துளை போட்டேன், டைல்ஸ் வெடித்துவிட்டது. மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாமா? (சேலம்)

ப: முடியாது. மெஷினோடு வரும் தாளை ஒருமுறையாவது படியுங்கள். டைல்ஸைத் தாண்டும்வரை அடியை அணைத்து, டைல்ஸ் பிட்டால் மெதுவாகப் போடவேண்டும், பிறகுதான் ஹேமர். ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்), ஹாலோ பிளாக் சுவரிலும் ஹேமர் வேண்டாம், துளை அகன்று ஃபாஸ்னர் பிடிக்காது.

கே: புது மெஷின் வெறுமனே ஓட்டினால் சுற்றுகிறது, அடிக்கவில்லை. பழுதா? (கோவை)

ப: சுவரில் அழுத்துங்கள், அடிக்கும்.

கே: சாதா டிரில் பிட்டுகள் நிறைய இருக்கின்றன. அடாப்டர் சக் போட்டு இதிலேயே ஓட்டலாமா? (நாகர்கோவில்)

ப: மரம், இரும்புக்கு ஓட்டலாம், அடியை அணைத்துவிட்டு. அடாப்டரோடு ஹேமர் போட்டால் சக் தளர்ந்து கழன்றுவிடும். கான்கிரீட்டுக்கு 10 மி.மீ. தண்டுள்ள எஸ்டிஎஸ் பிளஸ் பிட்தான் போடவேண்டும். ஒவ்வொரு முறையும் தண்டைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவிச் செருகுங்கள்.