‘அவசரத் தொடர்பு’ கட்டத்தில் யார் பெயர்?

கேள்வி: எனக்கு 26 வயது. போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபாத்தாங்கான் ஆற்றோர மழைக்காட்டை மீட்கும் திட்டம் ஒன்றில் 4 வாரம் தொண்டராகச் சேரப்போகிறேன். பணமும் கட்டிவிட்டேன். சொன்னால் விடமாட்டார்கள் என்பதால் வீட்டில் ‘கோலாலம்பூரில் ஆபீஸ் ட்ரெயினிங்’ என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்தில் அவசரத் தொடர்புக்குத் தோழியின் எண்ணைக் கொடுத்துவிட்டேன், அதனால் பிரச்சினை இல்லை. ஆனாலும் மனசு உறுத்துகிறது. இதிலிருந்து வெளியே வருவது எப்படி?

பதில்: உறுத்தட்டும். உறுத்த வேண்டிய விஷயம்தான்.

வீட்டுக்குத் தெரியாமல் கிளம்புகிறவர்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. ஆனால் போகிறபோக்கில் ‘அதனால் பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அந்தக் கட்டம் எதற்கு இருக்கிறதென்று நினைத்தீர்கள்? ஈரமான படகுத்துறைப் பலகையில் வழுக்கி விழுந்து தலையில் அடி என்று வையுங்கள். அந்த ஆற்றோரக் கிராமமான சுக்காவ் பக்கத்திலிருந்து சண்டகான் நகர ஆஸ்பத்திரிக்கு சாலையில் சுமார் 2 மணி நேரம். மயங்கிக் கிடக்கும் உங்களைப் பற்றி டாக்டர் கேட்பார்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன ஆபரேஷன், என்ன ரத்த வகை. தோழிக்கு இதில் எத்தனை தெரியும்? ஐந்து வயதில் எந்த ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்தது என்று உங்களுக்கே நினைவிருக்காது. அம்மாவுக்கு இருக்கும்.

இது கூடப் பரவாயில்லை. பெரிய ஆபத்து நீங்கள் ஊர் திரும்பிய பிறகு.

சபாவில் உள்ளூரில் தொற்றும் மலேரியா இப்போது பெரும்பாலும் குரங்கு மலேரியாதான். நோலெசி என்ற ஒட்டுண்ணி. மக்காக் குரங்கின் ரத்தத்திலிருந்து காட்டுக் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. மற்ற மலேரியாக் கிருமிகள் ரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக 48 அல்லது 72 மணி நேரம் எடுக்கும். இதற்கு 24 மணி போதும். அதனால் லேசான காய்ச்சலில் தொடங்கி, சில நாளிலேயே சிறுநீரகம்வரை போய்விடலாம். நுண்ணோக்கியில் பார்த்தால் சாதுவான இன்னொரு மலேரியாவைப் போலவே தெரியும். உடனடிச் சோதனை அட்டை பல நேரம் கோட்டைவிடும். ‘போர்னியோ’ என்ற சொல் காதில் விழுந்தால்தான் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்ய வேண்டும் என்றே டாக்டருக்குத் தோன்றும்.

கொசு கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். எலிக் காய்ச்சலும் அப்படியே: ஆற்றுச் சேற்றிலிருந்து காலிலுள்ள கீறல் வழியே ஏறி, பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தலைகாட்டும். ஆக, கடைசி வாரத்தில் தொற்றினால் நீங்கள் படுப்பது வீட்டுக் கட்டிலில். பிதற்றும் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது தோழியில்லை. ‘சமீபத்தில் எங்கே போயிருந்தாள்?’ என்று டாக்டர் கேட்பார். அம்மா நம்பிக்கையோடு சொல்வார்: ‘கோலாலம்பூர். ஆபீஸ் ட்ரெயினிங்.’ வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அம்மாவை இப்படியொரு இடத்தில் நிறுத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

26 வயது மகளைத் தடுக்கும் உரிமை பெற்றவர்களுக்கு இல்லை என்பதுதான் என் கட்சியும். பிள்ளை இன்று ராத்திரி எங்கே படுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை மட்டும் அவர்கள் சாகும்வரை உண்டு. நீங்கள் அடித்துவிட்டது இந்த இரண்டாவது உரிமையை. அதுவும் ஒரு சண்டைக்குப் பயந்து.

இந்த வாரமே சொல்லுங்கள். ‘காட்டைக் காப்பாற்றப் போகிறேன்’ என்று வெறும் வாயால் சொன்னால் சண்டைதான் மிஞ்சும், தாளோடு போங்கள். முகாம் எந்தக் கிராமத்தில், பொறுப்பாளர் யார், சிக்னல் இல்லாதபோது எந்த எண், பக்கத்து ஆஸ்பத்திரி எது, இன்ஷூரன்ஸ் பாலிசி எண் என்ன. பாலிசியில் அவசர மருத்துவ இடமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே உடலுழைப்பு வேலையை விலக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் வேலையில் பாதி பராங் கத்தியோடுதான். நட்ட கன்றைச் சுற்றிப் புல்லையும் கொடியையும் திரும்பத் திரும்ப வெட்டாவிட்டால் கொடி ஏறிக் கன்றை மூடிவிடும். (ஒராங்குட்டான் குட்டியைத் தூக்க விடுவோம் என்று அவர்கள் ஆசை காட்டியிருந்தால் பணம் போனாலும் போகட்டும், அங்கே போகாதீர்கள். நம் சளி அதற்கும் தொற்றும்; பொறுப்பான இடம் எதுவும் விடாது.)

சபாவுக்குக் குடிநுழைவுச் சோதனை தனி. கோலாலம்பூரிலிருந்து போனாலும் மறுபடி பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். சுற்றுலா நுழைவில் தொண்டு வேலை செய்யலாமா என்று அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். ‘டூரிஸ்ட் என்றே சொல்லிவிடுங்கள்’ என்று பதில் வந்தால், அது உங்கள் கணக்கில் இரண்டாவது பொய்.

கிளம்ப 4 முதல் 6 வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மலேரியாவைத் தடுக்க அவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் ஒன்று, திரும்பிய பின்னும் 4 வாரம் விழுங்க வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அந்த 28 நாள் மாத்திரையை வீட்டில் எங்கே ஒளித்துவைப்பதாக இருந்தீர்கள்? அந்தக் காட்டுக் கொசு அந்தி சாய்ந்ததுமே வெளியில் வைத்துக் கடிக்கும், கொசுவலையை மட்டும் நம்ப முடியாது. முழுக்கைச் சட்டையும் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சும் மாலையிலிருந்தே வேண்டும்.

அம்மாவிடம் கொடுக்கும் தாளில் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ‘வந்த பிறகு காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர், போர்னியோ காடு, குரங்கு மலேரியா என்று சொல்லவும்.’ பிறகு விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்புங்கள். முதல் வரியில் அம்மாவின் எண். தோழி இரண்டாவது வரியில் இருக்கட்டும். உங்கள் ரத்த வகையை அவரிடமும் சொல்லிவையுங்கள்.