ஏற்காட்டுப் பள்ளி விளையாட்டு விழாப் பேச்சு குறித்து

வணக்கம் ஐயா. ஏற்காட்டில் உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் விளையாட்டும் நாடுகளின் நல்லுறவும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்றும், "இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் பகையைத்தானே வளர்க்கிறது" என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் கேட்பது நியாயமே. மறுக்காமல் அங்கிருந்தே தொடங்குங்கள். ஆட்டம் தானாகச் சமாதானம் கொண்டுவராது, ஆனால் பேசாத இருவரை ஓரிடத்தில் நிறுத்தும். அமெரிக்காவும் சீனாவும் உறவின்றி இருந்த 1971இல் ஜப்பானின் நகோயாவில் உலக மேசைப்பந்துப் போட்டி நடந்தபோது, சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்ட அமெரிக்க வீரர் கிளென் கோவனிடம் எவரும் பேசத் துணியாத நிலையில், பின்னாலிருந்து எழுந்து வந்து மலைக்காட்சி அச்சிட்ட பட்டுத்துணி ஒன்றைப் பரிசளித்தார் சீன வீரர் சுவாங் சேதுங். அதே ஏப்ரலில் அமெரிக்க அணி சீனா சென்றது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சனே சென்றார். இரு அரசுகளும் அப்போது நெருங்க விரும்பின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சமத்துவத்துக்கு எடுத்துக்காட்டாக நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் போதும். சிறுவயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்த அவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அன்று வெள்ளி பெற்ற அமெரிக்க வீரர் டோக்கியோவில் தங்கம் வெல்ல, வெள்ளி மாரியப்பனுக்கு வந்தது. அந்த இரண்டு மேடைப் படங்களையும் அருகருகே மாட்டுங்கள். விழாவன்று கைப்பந்தில் மலைக்கிராமப் பிள்ளைகளையும் சேலத்து விடுதிப் பிள்ளைகளையும் கலந்தே அணி பிரியுங்கள்.