அமெரிக்க உள்நாட்டுப் போரும் அடிமைமுறையும்: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோக, வடக்கும் தெற்கும் 1861 முதல் 1865 வரை மோதிக்கொண்ட இந்தப் போரைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன், கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மாநில உரிமைக்காகத்தான் தெற்கு பிரிந்தது, அடிமைமுறைக்காக இல்லை என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். எது சரி?

பிரிந்து போனவர்களே எழுதி வைத்திருப்பதை அவரிடம் காட்டுங்கள். 1861 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம் தான் ஏன் பிரிகிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதே ஆண்டு மார்ச்சில், பிரிந்துபோன மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் சவான்னா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

மாநில உரிமை என்ற வாதத்துக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. 1850-இல் வந்த ஓடிப்போன அடிமைகள் சட்டம், வடக்கு மாநிலங்களின் சொந்தச் சட்டங்கள் என்ன சொன்னாலும் தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றது. அந்த மத்திய அதிகாரத்தை வற்புறுத்திக் கேட்டு வாங்கியதே தெற்குதான். 1860 கணக்கெடுப்பில் அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 39.5 லட்சம் பேர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை போட்டு, அடமானம் வைத்து, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த சொத்து அது, அதை விட மனமில்லாமல்தான் பிரிந்தார்கள்.

கேள்வி: ஆபிரகாம் லிங்கன் ஒரு கையெழுத்தில் எல்லோரையும் விடுவித்தார் என்று பள்ளியில் படித்தோம். அப்படித்தானா மேடம்?

பாதிதான் சரி. 1863 ஜனவரி 1-ஆம் தேதி அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டும்தான். வடக்கோடு நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கு அடிமை மாநிலங்களை அது தொடவே இல்லை. நாடு முழுக்க அடிமைமுறை ஒழிந்தது 1865 டிசம்பரில், 13-ஆவது சட்டத்திருத்தத்தால்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே கதை தொடங்கிவிட்டது. போர் மூண்ட அடுத்த மாதம், 1861 மே மாத இரவு ஒன்றில், ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் தப்பி வர்ஜீனியாவிலிருந்த மன்றோ கோட்டைக்குள் போனார்கள். தென் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களைப் பூட்டியிருந்தார்கள். மறுநாளே முதலாளியின் சார்பில் ஓர் அதிகாரி வந்து, சட்டப்படி திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் வக்கீலாக இருந்தவர். "வர்ஜீனியா தனி நாடு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், அப்புறம் எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்ற பொருளில் பதில் சொல்லி, அந்த மூவரையும் போரில் பறிமுதலான சரக்கு என்று கணக்கில் வைத்துக்கொண்டார். மனிதரைச் சரக்கு என்பது கொடுமையான சொல்தான். ஆனாலும் அந்தச் செய்தி பரவிய சில நாட்களிலேயே குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை வாஷிங்டன் முன் கொண்டுபோய் வைத்தது அந்த ஓட்டம்தான்.

1862 மே 13 விடிகாலையில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற 23 வயது அடிமை, கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தென் படையின் கோட்டையைக் கடக்கும்போது சரியான சங்கொலி கொடுத்து, தென் படையின் கப்பலையே மனைவி, பிள்ளைகளோடு வடக்கின் கடற்படையிடம் ஓட்டிப் போய்ச் சேர்த்தார். பின்னாளில் தன் பழைய முதலாளியின் வீட்டையே விலைக்கு வாங்கினார், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். வட படையில் சுமார் 1,79,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். இந்தச் சம்பளம் வேண்டாம் என்று ஒரு வருடத்துக்கும் மேலாகக் கையில் காசு வாங்காமலே சண்டை போட்ட படைப்பிரிவு உண்டு, மாசசூசெட்ஸின் 54-ஆவது பிரிவு. லிங்கனின் பங்கை நான் குறைக்கவில்லை. இவர்கள் பெயரையும் சேர்த்துப் பள்ளியில் சொல்லித் தந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி: மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

நெடுங்காலம் 6,20,000 என்று சொல்லி வந்தார்கள். கணக்கெடுப்புப் புள்ளிவிவரங்களை வைத்து 2011-இல் செய்த ஆய்வு 7,50,000 அளவில் இருக்கும் என்கிறது. குண்டில் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு போன்ற நோயில் செத்தவர்கள் அதிகம்.

கேள்வி: ஜூன்டீன்த் என்று ஜூன் 19-ஐ ஏன் கொண்டாடுகிறார்கள்?

1865-இல் அந்த நாளில்தான் டெக்சாஸின் கால்வெஸ்டனில் வட படைத் தளபதி கார்டன் கிரேஞ்சர் விடுதலை ஆணையை அறிவித்தார். பிரகடனம் வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதை நடைமுறைப்படுத்தப் படை அங்கே போய்ச் சேர்ந்ததே அப்போதுதான். 2021 முதல் அது தேசிய விடுமுறை.

கேள்வி: விடுதலை கிடைத்த பிறகும் கறுப்பின மக்கள் ஏன் இவ்வளவு காலம் ஏழைகளாகவே இருந்தார்கள் அக்கா? நிலம் தருவதாகச் சொன்னார்களாமே?

எனக்கு மனசு ஆறாத பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1865 ஜனவரியில் வட படைத் தளபதி ஷெர்மன் சவான்னாவில் 20 கறுப்பினப் போதகர்களையும் சபைத் தலைவர்களையும் அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்களுக்காகப் பேசிய கேரிசன் ஃபிரேசியர், எங்களுக்கு நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் நாங்களே பயிரிட்டுக்கொள்வோம் என்றார். நான்காம் நாள் ஷெர்மன் ஆணை போட்டார். கடலோரத்தில் தோட்ட முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறி உழுது விதைத்தும்விட்டார்கள்.

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து, கூடவே நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியைச் சொல்ல அக்டோபரில் வட படைத் தளபதி ஹோவார்ட் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனார். முதலாளிகளை மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்டதற்குத் தீவு மக்கள் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் தங்கையையும் ஆடை களைந்து அடித்தவன், இப்போது நிலமும் இல்லாமல் செய்து என்னைத் தன்னிடமே கையேந்த வைப்பவன், அவனை நான் எப்படி மன்னிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நிலம் போன பிறகு மிஞ்சியது வாரச் சாகுபடி. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. விதை, உணவு, துணி எல்லாம் கடனில், வட்டியோடு. கணக்கு நோட்டும் நிலக்காரரோ கடைக்காரரோ வைத்திருப்பது. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் இன்னும் பாக்கி இருக்கிறது என்பார்கள். வேலை இல்லாமல் திரிந்தால் குற்றம் என்று சட்டம் போட்டு, அபராதம் கட்ட முடியாதவர்களைக் கூலி வேலைக்கு ஏலம் விட்டார்கள். 13-ஆவது திருத்தத்திலேயே குற்றத்துக்கான தண்டனை தவிர என்று ஒரு விலக்கு இருந்ததால், கைதிகளைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதை வேலைக்கும் வாடகைக்கு விடுவது பல தெற்கு மாநிலங்களில் வழக்கமானது. அலபாமாவில் அது நின்றது 1928-இல்தான்.

இதையும் சேர்த்துப் பாருங்கள். 1862-இல் வாஷிங்டன் நகரில் அடிமைகளை விடுவித்தபோது தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுத்தார்கள், வாங்கியவர்கள் முதலாளிகள்.

கேள்வி: விற்கப்பட்டுப் பிரிந்துபோன குடும்பங்கள் போருக்குப் பிறகு சேர்ந்தார்களா?

சிலர் சேர்ந்தார்கள். பலர் தேடிக்கொண்டே இறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808-இல் தடையான பிறகு, பருத்தி விளையும் தூரத் தெற்குக்கு உள்நாட்டிலிருந்தே ஆட்களை விற்றார்கள். அப்படிப் போனவர்கள் சுமார் 10 லட்சம் பேர். போர் முடிந்ததும் மக்கள் நடந்தே தேடிப் போனார்கள், பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். என் தாய் பெயர் இது, எங்கள் முதலாளி இன்னார், என்னை விற்றபோது எனக்கு இத்தனை வயது, தம்பி மடியில் இருந்தான் என்று இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் கிறிஸ்தவப் பத்திரிகை ஒன்று 1870-களின் கடைசியில் இதற்கென்றே ஒரு பகுதி நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து இவற்றை வாசித்துக் காட்டுங்கள் என்று போதகர்களைக் கேட்டுக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் காதிலும் விழட்டும் என்றுதான். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இத்தகைய விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன.

கேள்வி: வாக்குரிமை கொடுத்தார்களே, அதை எப்படிப் பறித்தார்கள்?

முதலில் துப்பாக்கியால், அப்புறம் சட்டத்தால். 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்கே போனார், கறுப்பினத்தவர் பலர் பதவிகளில் இருந்தார்கள். 1873 ஈஸ்டர் ஞாயிறு லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரைச் சரணடைந்த பிறகும் வெள்ளையர் கும்பல் சுட்டுக் கொன்றது. அந்த வழக்கில் கிடைத்த ஒரு சில தண்டனைகளும் 1876-இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தாகின. 1877-இல் அதிபர் தேர்தல் தகராறு முடிந்த கையோடு, கறுப்பின வாக்காளர்களின் துணையோடு அமைந்து தெற்கில் மிச்சமிருந்த மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற மத்தியப் படையும் விலகிக்கொண்டது. பிறகு வாக்களிக்க வேண்டுமென்றால் கட்ட வேண்டிய வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு. லூசியானாவில் 1896-இல் 1,30,000-க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904-இல் 1,342 பேர்.

கேள்வி: தெற்குத் தலைவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

தெற்குக் கூட்டமைப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் இரண்டு வருடம் சிறையில் இருந்தார், விசாரணையே நடக்கவில்லை. 1868 கிறிஸ்துமஸ் அன்று பொது மன்னிப்பு. சுமார் 13,000 வட வீரர்கள் செத்த ஆண்டர்சன்வில் சிறைமுகாமின் தலைவர் ஹென்றி விர்ட்சைத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இங்கிலாந்து ஆலைகளுக்குத் தேவையான பஞ்சில் பெரும்பங்கு அமெரிக்கத் தெற்கிலிருந்துதான் போனது. வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்ததும் இந்தியப் பஞ்சு விலை ஏறியது, பம்பாயில் பணம் புரண்டது. 1865-இல் போர் முடிந்து விலை சரிந்ததும் பம்பாயில் பல வணிகர்கள் திவாலானார்கள். இன்னொன்று, ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

கேள்வி: எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம் அக்கா?

அடிமைகளாக இருந்தவர்களின் வாய்மொழியிலிருந்தே ஆரம்பியுங்கள். 1930-களில் அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தில் 2,300-க்கும் மேற்பட்ட முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளையர், பதில் சொன்னவர்கள் பயத்தோடு வாழ்ந்தவர்கள். அதனால் எந்த இடத்தில் பேச்சைச் சட்டென்று மாற்றுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே படியுங்கள்.