பள்ளியில் உணவு அறிவியலும் உணவுப் பாதுகாப்பும் நடத்த நல்ல பாடப்பொருள் எங்கே கிடைக்கும்?

நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், கையில் பாடப்புத்தகம் மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பதினான்கு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு மனையியல் நடத்துகிறேன்.

கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட 'பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகள்' கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைப்பது, நன்றாக வேகவைப்பது, சரியான சூட்டில் வைப்பது, நல்ல தண்ணீரும் நல்ல பொருளும். இந்த ஐந்தை வைத்தே ஒரு பருவம் முழுக்க நடத்தலாம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 'டார்ட்' புத்தகத்தில் கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் சோதனைகள் இருக்கின்றன. அவர்களுடைய 'மஞ்சள் புத்தகம்' பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது. ஒவ்வொரு கிருமியைப் பற்றியும் தனித்தனியாகப் படிக்க, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் 'பேட் பக் புக்'. அது பிள்ளைகளுக்கு அல்ல, உங்களுக்கு.

அந்தக் கடைசிப் புத்தகத்தை நான் தேடிப் போனதே ஒரு மாணவியால்தான். "மிச்சமான சோற்றை நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் கிருமி எல்லாம் செத்துவிடும்" என்று பல வருடம் நடத்தியிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை அவள் எழுந்து, "மிஸ், ஞாயிற்றுக்கிழமை மதியச் சோற்றை ராத்திரி ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம். மூன்று மணி நேரத்துக்குள்ளே நாலு பேருக்கும் வாந்தி. கிருமிதான் செத்துப்போச்சே?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று ராத்திரிதான் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பற்றி ஒழுங்காகப் படித்தேன். இதன் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக்கிடக்கும் வடிவம், அரிசியிலேயே இருக்கும், சோறு வேகும்போதும் சாகாது. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. அவர்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்பது உறுதி. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி, நோட்டில் அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

அப்புறம் சொந்தக் காசில் ஒரு உணவுத் தெர்மாமீட்டர் வாங்கினேன். இரண்டு கிலோ அரிசி வடித்து மூடி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நடுவில் குத்திப் பார்த்தோம். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், சமைத்ததை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது என்று கையேடு சொல்கிறது. மேலே ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகும் நடுச்சோறு 45 காட்டியது. தாம்பாளத்தில் பரப்பிய சோறு சீக்கிரமே இறங்கிவிட்டது. இதைவிட நல்ல பாடப்பொருளை எந்தத் தளத்திலும் நான் பார்க்கவில்லை.

"அப்போ பழைய சோறு கெடுதலா?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, என் வீட்டிலும் பழைய சோறு உண்டு. ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றும்போது லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிக்கிறது. அந்தப் புளிப்பு மற்ற பல கிருமிகளை அடக்கிவைக்கும். சூட்டோடு மூடிப்போட்ட சோற்றின் கதை வேறு.

வாட்ஸப்பில் வரும் சோதனைகளை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். தேன் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் நின்றால் சுத்தம் என்பார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் நிற்கும், செய்து காட்டுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் குரூப்பாகவே மனையியலை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் பாதி இடம் உடைந்த பெஞ்சுகளுக்குப் போய்விட்டது. அடுப்பு கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தேன், "சமையல்தானே, வீட்டில் செய்யச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த வாந்திக் கேள்வியைக் கேட்டதும் இந்தக் குரூப் பெண்தான்.

சரி, தெர்மாமீட்டர் வாங்கும்போது கண்ணாடிக் குழாய் வேண்டாம், சோற்றில் உடைந்தால் ஆபத்து. கூர்முனை உலோகக் கம்பி உள்ளதாகப் பாருங்கள். நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்ட டம்ளரில் வைத்து, 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.