விழா கொண்டாடினால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாடம் கெட்டுப்போகுமா?

கேள்வி: "மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காமராஜர் பிறந்த நாள், சுதந்திர தினம், ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம், பொங்கல் என்று மாதம் ஒரு விழா வருகிறது. பாடம் எப்போதுதான் நடத்துவார்கள்? போதாக்குறைக்கு மேடையில் பேசச் சொல்கிறார்கள், வீட்டில் வந்து அழுகிறாள். கட்டாயப்படுத்தலாமா?"

முதல் பாதிக்கு உடனடி பதில்: விழாவால் பாடம் கெடாது, ஒத்திகையால் கெடும். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் தினமும் நிற்பதே அந்த வகுப்பறையில்தான்.

பெருந்துறைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நாலாவதும் அஞ்சாவதும் தலைமை ஆசிரியரிடம். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், ஒரே அறையில். கேட்டால் ஐயோ பாவம் என்பீர்கள். ஆனால் 'எண்ணும் எழுத்தும்' திட்டமே இதற்குத் தோதாக அமைந்ததுதான். கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் விட்டுப்போனதே என்று 2022 ஜூனில் தொடங்கினார்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் 2025க்குள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று அப்போது இலக்கு வைத்தார்கள். இதில் பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலை என்பதுதான் பேச்சு: அரும்பு, மொட்டு, மலர். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருப்பான், இரண்டாம் வகுப்புப் பெண் மலரில் இருப்பாள். (உங்கள் மகள் எந்த நிலை என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வைத்து மட்டும் கேட்காதீர்கள்.)

வாரம் எப்படி ஓடுகிறது என்று சொன்னால்தான் விழா எங்கே நுழைகிறது என்பது புரியும். கையேட்டில் உள்ள பாட்டு, கதை, செயல்பாடு எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும். அதோடு நானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு வேலை உண்டு. திங்கட்கிழமை காலையில் சனி, ஞாயிறு செய்தியைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒருத்தன், "டீச்சர், எங்கூட்டு ஆடு குட்டி போட்ருச்சு" என்றான். பலகையில் எழுதினேன்: எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது. அரும்புப் பிள்ளைகள் வந்து அந்த வரியில் 'டு' எங்கெங்கே இருக்கிறது என்று வட்டம் போட்டார்கள். மொட்டு நிலைக்கு, ஆட்டுக்குப் பதில் வேறொன்றை வைத்து அதே மாதிரி எழுத வேண்டும். ஒருத்தி 'கோழி முட்டை போட்டது' என்று எழுதிவிட்டாள். கோழி முட்டை போடுமா, இடுமா, வைக்குமா என்று அரைமணி நேரம் சண்டை. மலர் நிலைக்காரர்கள் குட்டிக்கு என்ன நிறம், எப்போது எழுந்து நின்றது, முதலில் என்ன செய்தது என்று மேலும் மூன்று வரி எழுதினார்கள். அந்த வரி வெள்ளிக்கிழமை வரை பலகையின் மூலையில் இருக்கும். வெள்ளியன்று சொல்வதெழுதுதலும் அதிலிருந்துதான்.

இப்போது ஜூலைக்கு வருவோம். 15ஆம் தேதி கல்வி வளர்ச்சி நாள். வழக்கமாக என்ன நடக்கும்? படத்துக்கு மாலை, இனிப்பு, நாலு பிள்ளைகளின் மனப்பாடப் பேச்சு. "கர்மவீரர் காமராஜர் 1903ஆம் ஆண்டு விருதுநகரில் பிறந்தார்" என்று ஆறு வயதுக் குழந்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். நூறு வரை எண்ணவே அப்போதுதான் பழகும் பிள்ளைக்கு 1903 என்பது வெறும் சத்தம்.

அதனால் என் வகுப்பில் பேச்சுக்குப் பதில் ஒரே ஒரு வீட்டுப்பாடம்: அப்பத்தா, அப்புச்சி, அம்மா, அப்பா எல்லாரிடமும் 'நீங்க பள்ளிக்கூடத்துல என்ன சாப்ட்டீங்க' என்று கேட்டு வர வேண்டும். மதிய உணவுத் திட்டம் காமராஜர் ஆட்சியில் 1956இல் விரிந்தது, சத்துணவு 1982இல் வந்தது, காலை உணவு 2022இல் தொடங்கி மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு குடும்பத்திலேயே மூன்று தலைமுறைச் சாப்பாடு இருக்கிறது. மக்காச்சோள உப்புமா, பால் பவுடர், முட்டை போடாத சத்துணவு, முட்டை போட்ட சத்துணவு என்று பதில்கள் வந்தன. "எங்க அப்பத்தா பள்ளிக்கூடமே போவலீங்க டீச்சர், மாடு மேய்ச்சாங்களாம்" என்றும் வந்தது. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புளியங்கொட்டை வைத்தோம். எந்த வரிசை நீளம், எது எதைவிட எத்தனை அதிகம்? பாடநூலில் தகவல் செயலாக்கம் என்று இருப்பது இதேதான். காமராஜர் யார் என்பதையும் அன்றைக்கு யாரும் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு ஓரிரு நாளில் ஆடி 1. ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கம் அது தேங்காய் சுடும் நோம்பி. பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அரசுச் சுற்றறிக்கையும் கிடையாது. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே நேரத்தில் பேசும். தேங்காயின் நாரைச் சுரண்டி வழவழப்பாக்கி, கண்ணில் ஓட்டை போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் வடித்து, வெல்லம், அவல், எள், பொட்டுக்கடலை எல்லாம் திணித்து, சீவிய அழிஞ்சில் குச்சியால் அடைத்து, மஞ்சள் பூசி நெருப்பில் காட்டுவது. அதற்குள் எத்தனை 'முதலில்', எத்தனை 'பிறகு', எத்தனை 'கடைசியில்'! நிகழ்வுகளை வரிசைப்படுத்துதல் என்று ஒரு கற்றல் விளைவு இருக்கிறது. அதற்கு நான் படம் வரைந்த அட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிள்ளைகளே ஆறு படம் வரைந்து, கலைத்துப் போட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் அடுக்கச் சொன்னார்கள். "மஞ்சள் பூசறதுக்கு முன்னாடியே சுட்டுட்டான் பாருங்க டீச்சர்" என்று புகார் வேறு.

பொங்கல்தான் பெரிய புதையல். மூன்றாம் பருவம் ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும், பொங்கல் விடுமுறைக்கு முன்னால் எட்டு, பத்து நாள்தான் கிடைக்கும். அந்த நாள்களில் பாடம் ஓடாது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். எனக்கு வருஷத்திலேயே அதிகம் ஓடுவது அப்போதுதான்.

எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 'பொங்கல்' எழுதச் சொன்னால் 'பொகல்' என்று எழுதும். 'கருபு', 'மசள்'. மூக்கால் வரும் மெய்யெழுத்து காதுக்குப் பிடிபடாமல் நழுவிவிடும். இதைச் சரிசெய்ய வருஷம் பூராவும் போராடுவோம். பொங்கலுக்கு வேண்டிய சாமான்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பொங்கல், மஞ்சள், உருண்டை வெல்லம், முந்திரி, கரும்பு, கன்றுக்குட்டி. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ஆறு ஜோடியும் வந்துவிட்டது! தமிழில் இந்த இன ஜோடிகளே ஆறுதான். எந்தப் பாடநூல் ஆசிரியரும் திட்டமிட்டு எழுதினால்கூட இவ்வளவு கச்சிதமாக அமையாது. ஒரு நாளைக்கு ஒரு ஜோடி. பொருளைக் கையில் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு 'மஞ்சள்' சொல்லச் சொல்வேன். வராது. மூக்கை விட்டதும் வரும். சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆகும், ஆனால் அதற்கப்புறம் 'மசள்' என்று எழுதும் பிள்ளைகள் நன்றாகக் குறைந்துவிடும்.

கணக்குக்குக் கரும்பு. ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்போடு முழுக் கரும்பு தரும் ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்று நிற்கும். வெட்டுவதற்கு முன் இரண்டு கரும்பு வாங்கி வருவோம். எத்தனை சாண் என்று ஆளாளுக்கு அளப்பார்கள். ஒருத்திக்குப் பதினாறு, இன்னொருத்தனுக்குப் பதினெட்டு, நான் அளந்தால் பன்னிரண்டு. கரும்பு சுருங்கிப்போனதா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நான் வாயே திறப்பதில்லை. யாராவது ஒரு பிள்ளை தன் கையை என் கைமேல் வைத்துப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் அளவுகோலை எடுப்போம், எடுத்ததற்குக் காரணமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மார்கழிக் கோலத்தையும் விட மாட்டேன். வராந்தாவில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. சின்னவர்கள் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். பெரியவர்களிடம் 'அடுத்த வரிசைக்கு எத்தனை வைக்கணும்' என்று கேட்டால், "ரெண்டு ரெண்டா ஏறுதுங்க டீச்சர்" என்று ஒரு குரல் வரும். பையன்களும் கோலம் போட்டே ஆக வேண்டும், அதில் சலுகை இல்லை.

விழா நாள் என்று பார்த்தால் காலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் பிள்ளைகளே பிரித்து அடுக்கிக் கட்டி வாசலில் சொருகுவார்கள். சத்துணவு அக்கா அடுப்பைப் பார்த்துக்கொள்வார். ஒரு டம்ளர் பாசிப்பருப்புக்கு நாலு டம்ளர் பச்சரிசி, அப்படியானால் இரண்டு டம்ளர் பருப்புக்கு? மூன்றாம் வகுப்பு சொல்லும், ஒன்றாம் வகுப்பு அளந்து கொட்டும்.

இதிலெல்லாம் சேராத பிள்ளைகள் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் வெறும் பெருமை. பெருந்துறை சிப்காட் வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பையன் ஒருத்தன் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் அரும்பில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் வீட்டுக்கு ரேஷன் கரும்பும் இல்லை, தேங்காய் சுடும் நோம்பியும் இல்லை. ஆனால் நாம் பொங்கல் வைக்கும் நேரத்தில்தான் அவர்களுக்கும் மகர சங்கராந்தி. அன்றைக்கு அங்கே அவலும் தயிரும் வெல்லமும்தான் சாப்பாடு, கூட எள்ளுருண்டை. அவன் அம்மாவை வரச் சொன்னேன். "நாங்க பெருசா எதுவும் செய்யறதில்ல டீச்சர்ஜி" என்று தயங்கியவர், மறுநாள் ஒரு தூக்கு நிறைய அவல் பிசைந்து எடுத்து வந்தார். அவலும் எள்ளும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆடியிலேயே பழக்கம். "இது தேங்காய்க்குள்ள போடறதுதான்டா!" என்று ஒருத்தி கத்தினாள். அந்த வாரத்துப் பலகை வரி அவனுடையது: எங்கள் வீட்டில் அவலும் தயிரும் தின்போம். எழுதியது நான், படித்துக் காட்டியது அவன்.

ரம்ஜானுக்கு வகுப்பில் நான் செய்வது கொஞ்சம்தான். பிறை வளர்வதைப் பதினைந்து நாள் தினமும் வரைந்து வர வேண்டும், மேகம் மூடினால் மேகத்தை வரைய வேண்டும். சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். போன வருஷத்துக் காலண்டரை எடுத்துப் பார்த்துப் பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நஷ்டமாகும் விழாவும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆண்டு விழாவுக்காகச் சினிமாப் பாட்டுக்கு இரண்டு வாரம் ஆடவிடுவது நஷ்டம். எட்டுப் பேர் ஆடுவார்கள், மீதிப் பேர் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். மாறுவேடத்துக்கு உடை வாடகைக்கு எடுத்து வரச் சொல்வது பெற்றோருக்கு நஷ்டம், சனிக்கிழமைச் சம்பளத்தில் குடும்பம் ஓட்டும் வீடுகளுக்கு ரொம்பவே. வாட்ஸ்அப் குழுவில் போடும் படத்துக்காகக் கரும்புக் கட்டு முன் பிள்ளைகளை நிற்க வைத்து, படம் எடுத்ததும் கரும்பை எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் மோசம். உங்கள் மகளின் பள்ளியில் நடப்பது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், விழா நாள் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அதற்கு முந்தின வாரம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அளந்தோம், வரைந்தோம், எண்ணினோம் என்றால் கவலையில்லை. "சும்மா உக்காந்திருந்தோம், அக்காங்க டான்ஸ் பழகுனாங்க" என்றால் போய் ஆசிரியரிடம் பேசுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி போகாமல், 'நான் ஏதாவது ஒத்தாசை பண்ணட்டுமா டீச்சர்' என்று கேட்டுப் போனால் காரியம் நடக்கும்.

மேடைப் பேச்சுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஏழு வயதில் அழுதுகொண்டே மனப்பாடம் செய்த நாலு வரியால் ஒரு பிள்ளையும் பேச்சாளர் ஆகிவிடாது. ஆசிரியரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: "அவ தனியா நிக்க மாட்டேங்கறா, கையில எதையாவது குடுத்து அதைப் பத்திச் சொல்லச் சொல்லுங்க டீச்சர்." வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொடுத்து அனுப்புங்கள். தாத்தா அரிசி அளந்த பழைய படி, காய்ந்த பூசணிக் குடுவை, எதுவானாலும் சரி. மேடைகூட வேண்டாம், வகுப்பிலேயே வட்டமாக உட்கார்ந்து சொல்லட்டும். கூட்டத்தைப் பார்த்து வாயடைத்துப்போகும் பிள்ளைகள்கூடக் கையில் பொருள் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே பேசிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் பேசவில்லை என்றால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள்.