வாளையாறில் எத்தனை ஸ்டார்?

கேள்வி: சார், ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கம்ப்யூட்டர் விளையாட்டின் ஐந்தாம் பாகம் 2013-ல் வந்தது. அமெரிக்கா. ஆறாம் பாகத்தின் கதையும் அமெரிக்காவில்தானாம். லண்டன், டோக்கியோ, துபாய், ரியோ, மும்பை என்று இத்தனை ஊர் இருக்க, ஏன் அங்கேயே சுற்றுகிறார்கள்? உங்களிடம் விட்டால் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? நம்ம எல்லைச் செக்போஸ்ட் வாளையாறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: தம்பி, உங்கள் பட்டியலைப் படித்ததும் நெடும்பாசேரி விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பலகை ஞாபகம் வந்தது. ஊர்ப் பெயர் வரிசையாக இருக்கிறது. அங்கே இறங்கி என்ன செய்வது என்பது மட்டும் இல்லை.

விளையாடாத வாசகர்களுக்காக இரண்டு வரி. ஒரு முழு ஊரையே கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதில் நம்மைத் திருடனாக இறக்கிவிடுவார்கள். வண்டி திருடலாம், போகிற வருகிறவனை இடிக்கலாம். தப்பு செய்தால் திரையின் மூலையில் ஸ்டார் ஏறும். ஸ்டார் ஏற ஏற போலீஸ் கூடும். கொஞ்ச நேரம் அவர்கள் கண்ணில் படாமல் பதுங்கினால் ஸ்டார் இறங்கிவிடும். கேஸ், வாய்தா, ஜாமீன் எதுவும் கிடையாது. இருபது கோடிப் பிரதிக்கு மேல் விற்றது சும்மாவா?

பத்துப் பதினெட்டு வருஷத்துக்கு முன் சித்தூரில் (நம் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரர்கள் மன்னிக்க) ஒரு பிரவுசிங் சென்டரில் என் அக்கா மகன் 'வைஸ் சிட்டி' (ஜி.டி.ஏ.வின் பழைய பாகம், மியாமியைப் பார்த்து வார்த்த ஊர்) விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். எதிரே வருகிற வண்டியெல்லாம் அவன் மேலேயே வந்து மோதுகிறது. பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது: கஞ்சிக்கோட்டு ரோட்டில் மாமாவின் பைக்கில் உட்கார்ந்து வந்த பழக்கத்தில் இடது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தான். அந்த ஊரில் வலது பக்கம். பக்கத்து சீட்டில் இன்னொருவன் அதே விளையாட்டின் 'தமிழ்' சி.டி.யைப் போட்டிருந்தான். நாயகனுக்கு நம்ம ஊர் ஹீரோவின் முகம், தெருவில் மஞ்சள் ஆட்டோ, பின்னணியில் குத்துப்பாட்டு. ஆனால் கடற்கரை அதே மியாமி கடற்கரை, போலீஸ் அதே மியாமி போலீஸ். ஆட்டோவும் வலது பக்கம்தான் ஓடியது. நீங்கள் கேட்கிற ஊர் மாற்றம் பெரும்பாலும் இந்த சி.டி. மாதிரிதான் முடியும்.

ஏன் அமெரிக்கா என்றால், இதைச் செய்தவர்கள் அமெரிக்கர்கள் இல்லை என்பதுதான் விஷயமே. 1997-ல் முதல் ஜி.டி.ஏ. வந்தது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்திலிருந்து. இன்றைக்கும் தலைமை ஸ்டுடியோ எடின்பரோவில். சினிமாவிலும் டி.வி.யிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த அமெரிக்காவைத் தூரத்தில் இருந்து கிண்டல் செய்கிறார்கள். ரேடியோ விளம்பரம், துப்பாக்கிக் கடை, டி.வி. சாமியார் எல்லாம் அந்தக் கிண்டலின் உறுப்புகள். அதனால்தான் நியூயார்க் 'லிபர்ட்டி சிட்டி' ஆனது, ஃபுளோரிடா இப்போது 'லியோனிடா' ஆகியிருக்கிறது. சொந்தப் பெயரை வைத்துவிட்டால் கிண்டலுக்குக் கை கட்டிப்போகும்.

வெளிநாட்டுக்கு அவர்கள் போகவே இல்லை என்பதும் தவறு. 1999-லேயே 'லண்டன் 1969' என்று ஒரு இணைப்பு வந்தது. அதில் வண்டி இடது பக்கம் ஓடும். என் அக்கா மகன் அதை விளையாடியிருக்கலாம். ஆனால் முழு விளையாட்டாக லண்டன் சரிப்படாது என்று இந்தத் தொடரை எழுதிய டான் ஹவுசரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: துப்பாக்கி வேண்டும், நிஜத்தைவிடப் பெரிதாக ஊதிக் காட்டிய ஆசாமிகள் வேண்டும், அது அமெரிக்காவில்தான் பொருந்தும் என்கிற பொருளில். துப்பாக்கி பெட்டிக்கடைச் சாமான் மாதிரி கிடைக்கிற ஊரை மனதில் வைத்துக் கட்டிய எந்திரத்தை, கான்ஸ்டபிளே பெரும்பாலும் துப்பாக்கி இல்லாமல் ரோந்து போகிற ஊரில் கொண்டுபோய் வைத்தால் எப்படி ஓடும்?

மற்றவர்கள் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். எந்திரத்தையே மாற்றினார்கள். 2002-ல் லண்டன்காரர்களே செய்த 'தி கெட்டவே'யில் திரையில் மேப் கிடையாது. எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதை வண்டியின் இண்டிகேட்டர் கண் சிமிட்டிச் சொல்லும். அடிபட்டால் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்க வேண்டும். 2012-ல் வந்த 'ஸ்லீப்பிங் டாக்ஸ்' ஹாங்காங்கில் நடப்பது. அங்கே துப்பாக்கி அரிது என்பதால் சண்டை பெரும்பாலும் கையும் காலும், மீன் சந்தையில் அகப்பட்டதும்தான். செய்தவர்கள் கனடாவின் வான்கூவரில் இருந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர் அது.

டோக்கியோ கேட்டீர்கள். அது 2005-லிருந்து இருக்கிறது, தம்பி. ஜப்பான்காரர்களே செய்த 'யாகுசா' விளையாட்டுத் தொடரில் காமுரோச்சோ என்று ஒரு பேட்டை வரும். டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்து வார்த்தது. சுற்றி வந்தால் நம் சித்தூர்க் கடைத்தெரு அளவுதான் தோன்றும். பாகம் பாகமாக அதே சந்து, அதே கடை. வருஷம் மாற மாற போர்டு மாறும். அதில் ஒரு பாகம் 1988 டிசம்பரில் நடக்கிறது. ஜப்பானில் நிலத்தின் விலை பைத்தியம் பிடித்து ஏறிய காலம். மொத்தக் கதையும் ஒரு துண்டு காலி இடத்துக்காக. பத்துப் பேர் வரிசையாகப் படுத்தால் நிறைந்துவிடும், அவ்வளவு இடம். அதற்காக ஒரு கோஷ்டியே வெட்டிக்கொள்கிறது. பட்டா விவகாரம் பார்த்த நமக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். அமெரிக்கர்கள் செய்திருந்தால் சாமுராய் வாளும் நியான் விளக்கும் வந்திருக்கும், அந்தக் காலி இடம் வந்திருக்காது.

நான் ஊரைக் கேட்பதற்கு முன் வருஷத்தைக் கேட்பேன். அந்த வருஷத்தில் அங்கே எது தடை, எது கிடைக்கவில்லை, அதை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேட்பேன். குற்றம் அங்கிருந்துதான் முளைக்கிறது. 'வைஸ் சிட்டி'யில் 1986 என்று போட்டது சட்டை காலருக்காக மட்டும் இல்லை. மியாமியில் கொக்கைன் புரண்ட காலம் அது.

மும்பைக்கு வாருங்கள். 1949-ல் மதுவிலக்குச் சட்டம் வந்ததும் தாராவிப் பக்கம் கள்ளச்சாராயம் காய்ச்சத் தொடங்கினார்கள். வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார் தாதாவாக வளர்ந்தது அந்தச் சாராயத்தில்தான். 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். சேட்டுக் கடையில் கட்டித் தங்கம் வாங்க முடியாது என்றானதும் அரபிக்கடலில் கடத்தல் படகு அதிகமாக ஓடியது. இராமநாதபுரம் பனைக்குளத்திலிருந்து போன ஹாஜி மஸ்தான் துறைமுகக் கூலியிலிருந்து வெள்ளை பென்ஸுக்கு வந்தார். 1990-ல் சட்டம் போனது, அந்தத் தொழிலின் மவுசும் போனது. இந்த இருபத்திரண்டு வருஷத்துக்குள் எங்கே வைத்தாலும் விளையாட்டு நிற்கும். பம்பாய், எழுபதுகள். இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். ஜி.டி.ஏ. செய்கிற ராக்ஸ்டாருக்குப் பெங்களூருவிலும் ஸ்டுடியோ இருக்கிறது. நம் பிள்ளைகள்தான் அங்கே உட்கார்ந்து அமெரிக்கத் தெருவுக்குச் சாயம் பூசுகிறார்கள்.

துபாயை விட்டுவிடுங்கள். அந்த ஊர் உங்களுக்குத் தெரிவது கட்டடத்தின் உயரத்தால். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு லேபர் கேம்ப்பில் கிடந்தவர் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்டால் வேறு விளையாட்டு கிடைக்கும். ரியோ பற்றி எனக்கும் கால்பந்து தவிர ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் அப்படித்தான் என்று சந்தேகம்.

வாளையாறு வேண்டாம் என்று ஏன் முந்திக்கொண்டீர்கள்? வெட்கமா? பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரம் எல்லையில் போய் ஒரு சாயங்காலம் நில்லுங்கள். இந்தப் பக்கம், கேரளத்தில், கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் கள்ளு ஷாப்பு, சர்க்கார் லைசன்ஸோடு. நாலு எட்டு வைத்துத் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே பனையில் இறக்கிய அதே கள்ளு குற்றம், 1987-லிருந்து. இந்தப் பக்கம் அட்டையில் கிளிப் போட்டு லாட்டரிச் சீட்டைத் தொங்கவிட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கேரள அரசே 1967-ல் தொடங்கிய வியாபாரம். அந்தப் பக்கம் 2003-லிருந்து அதே சீட்டை விற்றால் கம்பி எண்ண வேண்டும். பொள்ளாச்சி பஸ்ஸில் வந்தவர் இரண்டு சீட்டு வாங்கி, மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து வருவது ரேஷன் அரிசி. ஐந்து கிலோ, பத்துக் கிலோவாக, பஸ் சீட்டுக்கு அடியில், மேலே ஒரு பழைய சேலை. செக்போஸ்ட்டில் பஸ் நின்றதும் அந்த அரிசிக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடும். சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவிடமும் கோயமுத்தூர் வெள்ளைக்காரனிடமும் இருந்த காலத்திலிருந்து நடக்கிற விளையாட்டு இது. ஜி.எஸ்.டி. வந்த 2017 வரை வாளையாறில் லாரி வரிசை நின்ற நீளத்துக்கு, அதற்குள்ளேயே ஒரு ஊர் இருந்தது. டீக்கடை, பஞ்சர் கடை, ரசீது எழுதித் தருகிற புரோக்கர், கிளீனர் பையன்களின் சீட்டுக்கச்சேரி.

எல்லை தாண்டினால் ஸ்டார் இறங்கிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய ஆளைத் துரத்திக்கொண்டு இந்தியாவில் எந்த இடத்துக்கும் போலீஸ் போகலாம் என்று சட்டம் இருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது. இரண்டு பேர் தெரிந்துகொண்ட விதம் வேறு கதை.

முதல் மிஷனை நீங்களே எழுதி அனுப்புங்கள். ஆள் ஒன்று, அரிசி பத்துக் கிலோ, கடைசி பஸ். துப்பாக்கி கூடாது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும்.