விசிலடிக்கும் இரண்டு கருநீலப் பறவைகள்: கேள்வி பதில்

கேள்வி: வால்பாறையில் பார்த்த சீகாரப் பூங்குருவியையே நைனிடாலிலும் பார்த்தேன் சார். அங்கே கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஒரே பறவைதானா?

பதில்: இல்லை. நைனிடாலில் இருப்பது நீல விசிலிங் த்ரஷ் (த்ரஷ் என்றால் பூங்குருவி). நம்முடையது சுமார் 25 செ.மீ.; அது 30 செ.மீ.க்கு மேல். ஒன்று இமயமலையில், மற்றது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மத்திய இந்தியா, கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும். எந்த மலையில் நிற்கிறோம் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு அலகைப் பாருங்கள்: இமயத்தில் மஞ்சள், இங்கே கருப்பு. (சீனாவில் அந்த நீலப் பறவைக்கே கருப்பு அலகுதான். அங்கே இந்தக் கணக்கு உதவாது.)

நீலம் விழும் இடமும் வேறு. சீகாரத்துக்கு நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்ற நீலத் திட்டு. மற்றதற்கு உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்த மாதிரி வெளிர்ப்புள்ளிகள்.

கேள்வி: நான் எடுத்த படத்தில் நெற்றி நீலமே காணோமே?

பதில்: அது சாயமல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறித் தெரியும் நீலம். நிழலில் வெறும் கருப்பாகிவிடும். பின்னால் வெள்ளை அருவி இருந்தால் கேமரா பறவையை இன்னும் இருட்டாக்கும். கேமராவில் எக்ஸ்போஷரை (ஒளி அளவை) +1 ஏற்றுங்கள். அப்போதும் நீலமில்லை, உடலும் பழுப்பு என்றால் இளம்பறவை. நெற்றித்திட்டு பிறகுதான் வரும்.

கேள்வி: கொடைக்கானலில் மஞ்சள் அலகோடு ஒரு கருப்புப் பறவை பார்த்தேன். இமயப் பறவை வழிதவறி வந்ததா?

பதில்: பிளாக்பேர்டு என்ற வேறு பறவை அது. பலரும் ஏமாறுகிற இடம். அதற்குக் கண்வளையமும் காலும் மஞ்சள், நீலப் பளபளப்பு கிடையாது. விசிலடிக்கும் இரண்டுக்கும் கால் கருப்பு.

கேள்வி: குரலை வைத்துப் பிரிக்கலாமா?

பதில்: பாட்டை வைத்து ஓரளவு முடியும். சீகாரம் பாடினால் யாரோ வேலையற்றவர் விசிலடித்துக்கொண்டே நடப்பது போலிருக்கும். மெட்டு ஒன்றில் நிற்காது. இமயப் பறவையின் பாட்டில் நடுநடுவே கரகரப்பு சேரும். இரண்டையும் கேட்க விடியுமுன் போக வேண்டும். பறக்கும்போது போடும் கீச்சொலியை மட்டும் நம்பாதீர்கள். ஓடையின் இரைச்சல் தாழ்ந்த சுருதி. அதை மீறிக் கேட்க உயர்ந்த சுருதியில் கூரிய ஒலிதான் எடுபடும். அதனால் இரண்டும் அப்படித்தான் கத்தும்.

கேள்வி: அப்படியானால் இரண்டும் த்ரஷ்தானே?

பதில்: பெயரளவில். முன்பு அந்தக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள், குண்டுகரிச்சானும் அங்கேதான். மேலே சொன்ன பிளாக்பேர்டுதான் அசல் த்ரஷ்.